ஃபிளாட் வாங்க முடியல, அப்போ ஊருக்கே போயிடலாமா? ஒரு மாசம் இருந்து பார்த்துட்டு சொல்றேன்!

அந்த ரீல்ஸ் உங்களுக்கும் வந்திருக்கும். ஓட்டு வீடு, திண்ணை, கயித்துக் கட்டில், மடியில லேப்டாப், பின்னாடி மயில் சத்தம். கீழே ஒரு வரி: ‘மாசம் 50 ஆயிரம் இஎம்ஐ கட்டுறதுக்கு, இது தேவலாம்ல?’

நானும் லைக் போட்டேன். கணவருக்கு ஃபார்வர்டு பண்ணினேன். அவர் ஒரே ஒரு ஹார்ட் அனுப்பினார். ரெண்டு நாள் கழிச்சு, ‘சீரியஸா யோசிப்போமா?’ என்று அவரே கேட்டார்.

எங்கள் நிலைமை இதுதான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். மேடவாக்கம் பக்கம் 2 பிஹெச்கே, வாடகை 19,000 ரூபாய். வார இறுதிகளில் ஃபிளாட் பார்க்கப் போவதே பொழுதுபோக்காகிவிட்டது. சிவகங்கை பக்கம் ஒரு கிராமத்தில் தாத்தா கட்டிய வீடும் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. அங்கே அப்பத்தா மட்டும் தனியாக இருக்கிறார். அப்பா ஒரு யோசனை சொன்னார்: “நம்ம பங்கு நிலத்தை வித்து ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டுவோம்.” கணவர் அதையே திருப்பிப் போட்டார்: “ஃபிளாட்டே வேணாம், நிலத்துக்கே போயிடுவோம்.”

சரி, இருந்துதான் பார்த்துவிடுவோம் என்று ஆபீஸில் கேட்டு ஒரு மாசம் வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். போய் வந்த பிறகு எனக்குத் தோன்றுவதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்.

வீட்டுச் சந்தை ‘கூலாகிடுச்சு’ என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். ரியல் எஸ்டேட் ஆய்வு நிறுவனமான அனராக் ஒவ்வோர் ஆண்டும் நாட்டின் ஏழு பெரிய நகரங்களின் வீட்டு விற்பனையைக் கணக்கெடுக்கிறது. 2024-ல் சுமார் 4.6 லட்சம் வீடுகள் விற்றன. 2025-ல் அது 4 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அதாவது சுமார் 14% சரிவு. ஹைதராபாத், புனே, மும்பை வட்டாரங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விற்பனை காணாமல் போயிருக்கிறது. ஏழு நகரங்களில் ஏறுமுகம் காட்டியது சென்னை மட்டும்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, குறைந்தது விற்பனையின் எண்ணிக்கைதான், விலை இல்லை. விற்ற வீடுகளின் மொத்த மதிப்பு 2025-ல் கூடத்தான் செய்திருக்கிறது. குறைவான வீடுகள், அதிக விலைக்கு. சுருக்கமாகச் சொன்னால், வீட்டு விலை இறங்கி வரவில்லை. நம்மை மாதிரி ஆட்கள்தான் வரிசையிலிருந்து இறங்கிவிட்டோம்.

‘வட்டி குறைஞ்சிருக்கே, அப்புறம் என்ன?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை நான்கு முறை குறைத்தது. 6.5 சதவிகிதமாக இருந்தது 5.25 ஆனது. வீட்டுக் கடன் வட்டியும் அதே அளவு குறைந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

60 லட்சம் ரூபாய் ஃபிளாட். 12 லட்சம் கைக்காசு, 48 லட்சம் கடன். வட்டி 8.75%, 20 வருஷம். இஎம்ஐ சுமார் 42,400 ரூபாய்.

அதே ஃபிளாட் இப்போது 80 லட்சம் என்கிறார் பில்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 லட்சம் கைக்காசு, 64 லட்சம் கடன். வட்டி 7.5%, அதே 20 வருஷம். இஎம்ஐ சுமார் 51,500 ரூபாய்.

வட்டி 1.25 சதவிகிதப் புள்ளி இறங்கியும் மாதத் தவணை 9,000 ரூபாய் ஏறிவிட்டது. முன்பணமும் 4 லட்சம் கூடிவிட்டது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை கடன் வாங்கினால், சொத்து மதிப்பில் 80 சதவிகிதத்துக்கு மேல் வங்கிகள் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் அந்த 16 லட்சத்துக்கு நாமேதான் வழி பார்க்க வேண்டும். கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட் என்றால் 5% ஜிஎஸ்டி. அப்புறம் பத்திரச் செலவு, கார் பார்க்கிங், இன்டீரியர்...

19,000 வாடகை கொடுக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கைப் போடும்போதுதான் அந்த ரீல்ஸ் வருகிறது. மனசு ஆடாமல் என்ன செய்யும்?

என் வாதம் ஒன்றுதான்

ஊருக்குப் போவதில் தப்பே இல்லை. ஆனால், ஃபிளாட் விலைக்குப் பதிலாக ஊரைத் தேர்வு செய்யாதீர்கள். கிராமம் என்பது விலை குறைந்த சென்னை அல்ல. அங்கே வீட்டுக்கு நாம் கொடுக்காமல் விடும் பணத்தை நேரமாக, அலைச்சலாக, தனிமையாக, சில நேரம் மானமாகக்கூட வேறு கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை யாரும் ரீல்ஸில் போடுவதில்லை.

முதல் வாரம்: சொர்க்கம்தான்

பொய் சொல்ல விரும்பவில்லை. முதல் வாரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. காலையில் அப்பத்தா போடும் வரக்காப்பி. ஹார்ன் சத்தம் இல்லாத ஜூம் மீட்டிங். சாயங்காலம் கண்மாய்க் கரையில் நடை. ராத்திரி எட்டரைக்குத் தூக்கம். ஸ்விக்கி இல்லாததால் அந்த வாரம் மட்டும் கையில் 1,500 ரூபாய் மிச்சம்.

ரெண்டாவது வாரம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

இன்டர்நெட். ஃபைபர் லைன் பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. மொபைல் டேட்டா மாடியில் மட்டும் நன்றாகக் கிடைக்கும். வெயில் ஏறிய பிறகு மாடியில் உட்கார முடியாது. மழை தூறினால் கரன்ட் போகும், கரன்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போகும். ஒரு பிரேக்கிங் நியூஸை எழுதி முடித்துவிட்டு, அதை அனுப்புவதற்காக ஸ்கூட்டியில் மெயின் ரோடு வரை போனேன். ஒரு தடவை என்றால் சிரித்துக்கொண்டே கதை சொல்லலாம். வாரத்துக்கு மூணு தடவை என்றால் எடிட்டர் சிரிக்க மாட்டார்.

தண்ணீர். போர் தண்ணி உப்பு. குளிக்க, துவைக்க ஓகே. குடிக்க, சமைக்கக் குழாயடியில் பிடிக்க வேண்டும், அது வரும் நேரம் குழாய்க்குத்தான் தெரியும். இல்லையென்றால் கேன் வாங்க வேண்டும். சென்னையில் லாரித் தண்ணிக்குத் திட்டிக்கொண்டிருந்த நான், இங்கே பத்து மணி மீட்டிங்கின் நடுவில் “தண்ணி வந்துருச்சு புள்ள!” என்ற குரலுக்குக் குடத்தோடு ஓடினேன்.

மருத்துவமனை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூணாவது வாரம் ஒரு ராத்திரி அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல். பக்கத்து வீட்டு சித்தப்பா காரை எடுத்தார். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 26 கிலோமீட்டர். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம், மறுநாள் மதியம் வீட்டுக்கும் வந்துவிட்டோம். தமிழ்நாட்டில் 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-லிருந்து நடக்கிறது. அப்பத்தாவுக்கு அந்த மாத்திரைதான். நாட்டின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் அந்த 26 கிலோமீட்டர் இருட்டில், பின் சீட்டில் அப்பத்தா தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதைத்தான்: சித்தப்பா ஊரில் இல்லாத ராத்திரியாக இருந்திருந்தால்?

ரீல்ஸில் அந்தச் சித்தப்பா வருவதில்லை. ஆனால், கிராம வாழ்க்கை ஓடுவதே அந்தச் சித்தப்பாக்களை நம்பித்தான். சொந்த ஊரில் அவர் நமக்குப் பிறவியிலேயே கிடைத்துவிடுகிறார். விளம்பரம் பார்த்து முன்பின் தெரியாத ஊரில் 20 சென்ட் வாங்கிக் குடியேறுகிறவருக்கு அவர் கிடைக்க எத்தனை வருஷம் ஆகும்?

மொய், வரி, துக்கம்: ஊர்க் கணக்கு தனி

‘கிராமத்துல செலவே இல்ல’ என்பார்கள். நான் இருந்தது ஆவணி மாசம். ஒரே மாசத்தில் ரெண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா. மொய் மட்டும் 4,000 ரூபாய். கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி தனி. ஒரு துக்க வீடு. அதற்குப் போகாமல் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்ததற்கு ரெண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கார் எடுக்க ஆள் இருப்பதற்கும், துக்க வீட்டுக்கு நாம் போயே ஆக வேண்டும் என்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஊர் என்பது ஒரு இன்ஷூரன்ஸ் என்றால் மொய்தான் அதன் பிரீமியம். பிரீமியம் கட்டாமல் க்ளைம் கேட்க முடியாது. ‘அமைதியா, யாரும் தொந்தரவு பண்ணாம இருக்கணும்’ என்பதற்காகத்தான் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், மன்னிக்கவும், அது கிடைக்கும் இடம் அபார்ட்மென்ட்தான். அங்கேதான் எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் பத்து வருஷம் வாழலாம்.

யாருடைய ஊர்? யாருடைய சொர்க்கம்?

இரண்டு விஷயங்களைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாக இருக்காது.

ஒன்று, பெண்கள். கணவர் வார இறுதிகளில் வந்தார். கயித்துக் கட்டிலில் படுத்து, “என்ன காத்து, என்ன காத்து” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால், அந்தக் காற்று வீசும் நேரத்தில் நான் அடுப்படியில் இருந்தேன். சென்னையில் ரெண்டு பேரும் சேர்ந்து செய்யும் வேலை, ஊருக்குப் போனதும் என் வேலையாகிவிட்டது. அவர் காபி டம்ளரைக் கழுவப் போனபோது அப்பத்தாவே தடுத்தார்: “விடுப்பா, புள்ள இருக்குல்ல.” சாயங்காலம் டிராக் பேண்ட் போட்டு ஓடப் போனால், வழியில் நாலு பேர் “யாரு வீட்டுப் பொண்ணு?” என்று விசாரிக்கிறார்கள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய விஷயம். ஆனால், எங்கள் ஊருக்கு பஸ் வருவதே காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஸ்கூட்டி இல்லாத பெண்ணுக்கு ஊரின் எல்லை, நடந்து போகும் தூரம்தான்.

இரண்டு, சாதி. ‘ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம்’ என்று ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். அவளுக்கும் விழுப்புரம் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது. “நீ போகலாம். எந்தத் தெருவுல இருப்போம்னு உனக்கு யோசிக்கத் தேவை இல்ல” என்றாள். அவ்வளவுதான். அவள் குடும்பம் அந்த ஊரின் காலனியிலிருந்து கிளம்பி, ஒரு தலைமுறை கஷ்டப்பட்டுச் சென்னையில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கியிருக்கிறது. அவர்களுக்கு அந்த இஎம்ஐ சுமை அல்ல, விடுதலைக்குக் கட்டும் தவணை. 1948 நவம்பர் 4-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமங்களைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். கிராமத்தைக் குடியரசின் அடித்தளமாக வைக்கச் சொன்னவர்களுக்கு அவர் அளித்த பதில் அது. திண்ணை, மயில், ஓட்டு வீடு என்று ஏங்கும்போது, அந்தத் திண்ணையில் யாரெல்லாம் உட்கார முடிந்தது என்பதையும் நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

‘ஆனா ஸ்ரீதர் வேம்பு போனாரே?’

இந்தப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும். போனார். ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் கலிஃபோர்னியாவிலிருந்து தென்காசி மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தார். ஆனால், அவர் போவதற்குச் சில வருஷங்கள் முன்பே, 2011-லேயே அந்தப் பகுதியில் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்துவிட்டது. முதலில் வேலை போனது, பிறகு ஆள் போனார். நம் கதை நேர்மாறு. ஆள் போய்விட்டு, வேலை பின்னாலேயே வரும் என்று நம்புகிறோம்.

2020-ல் லாக்டவுன் வந்தபோது லட்சக்கணக்கான ஐ.டி ஊழியர்கள் சொந்த ஊரிலிருந்து வேலை பார்த்தார்கள். இனிமேல் இப்படித்தான் என்று நம்பி ஊரில் வீடு கட்டியவர்களும் உண்டு. பிறகு பல நிறுவனங்கள் ‘வாரத்துக்கு மூணு நாள் ஆபீஸ் வாங்க’ என்று கூப்பிட்டுவிட்டன. என் கணவருக்கும் இப்போது அந்த மூணு நாள் கட்டாயம். நாளைக்கு அது அஞ்சு நாள் ஆகாது என்று அவருடைய மேனேஜராலேயே சொல்ல முடியாது. ஒரு மெயிலில் மாறிவிடக்கூடிய கம்பெனி பாலிசியை நம்பி, 20 வருஷ வாழ்க்கை முடிவை எடுப்பது எவ்வளவு பெரிய ரிஸ்க்!

‘வீக்எண்டு ஃபார்ம் லேண்ட்’ விளம்பரம்: எங்கே கவனம் வேண்டும்?

ஊர் என்று ஒன்று இல்லாதவர்களைக் குறிவைத்து இன்னொரு விளம்பரம் ஓடுகிறது. ‘சென்னையிலிருந்து ரெண்டு மணி நேரம், 10 சென்ட் பண்ணை நிலம், மாமரம் இலவசம்.’ நூறு சென்ட் ஒரு ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, 10 சென்ட் என்பது ஏறக்குறைய ரெண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. விலையைக் கேட்டால் ஃபிளாட் முன்பணத்தைவிடக் குறைவுதான். ஆனால், கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

விளைநிலத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாமா? தமிழ்நாட்டில் வாங்கலாம். மகாராஷ்டிரா, குஜராத் மாதிரி ‘விவசாயிதான் வாங்க வேண்டும்’ என்ற கட்டுப்பாடு இங்கே இல்லை. ஆனால், வாங்கியதும் அதில் வீடு கட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. நிலப் பயன்பாட்டு மாற்றம், கட்டட அனுமதி என்று தனி வேலை இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அதுவரை அப்படி மனை வாங்கியிருந்தவர்கள் வரன்முறைப்படுத்த அலைந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

வங்கிக் கடன் கிடைக்குமா? வீட்டுக் கடன் என்பது வீட்டுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மனைக்கும்தான். விளைநிலம் வாங்குவதற்கு அது கிடைக்காது. அதனால் பலர் தனிநபர் கடன் எடுக்கிறார்கள். அதன் வட்டி எப்போதுமே அதிகம்.

பத்திரச் செலவு? நிலக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 10 லட்சம் ரூபாய் நிலத்துக்கு 90,000 ரூபாய். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறையும். இந்தச் சலுகை 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

நிலத்தின் வரலாறு? இதுதான் முக்கியம். அது புறம்போக்கா, கோயில் நிலமா, பஞ்சமி நிலமா என்று பாருங்கள். பஞ்சமி நிலம் என்பது 1892-ல் ஆங்கிலேய அரசு எடுத்த முடிவின்படி பட்டியல் சமூக மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதைப் பிறர் வாங்கினால் செல்லாது. சட்டத்தை விடுங்கள், அது இன்னொருவருடைய உரிமை.

சரி, சொந்த ஊரில் தாத்தா நிலமே இருக்கிறது, இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

‘நம்ம நிலம்’ என்றால் யாருடைய நிலம்?

மூணாவது வாரம் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். பட்டா எடுத்துப் பார்த்தால் இன்னமும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா இறந்து 14 வருஷம். உயில் எழுதவில்லை. அப்படியானால் வாரிசுகள் யார்? அப்பத்தா, பெரியப்பா, அப்பா, ரெண்டு அத்தைகள். ஐந்து பேருக்கும் சம பங்கு.

“அத்தைகளுக்கு எதுக்கு? அவங்களுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே” என்றார் பெரியப்பா. நகை கணக்கு வேறு, சட்டம் வேறு. தாத்தா அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் இது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அப்பாவின் தனிச் சொத்தில் மகனும் மகளும் 1956-லிருந்தே சமம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-ல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. நாடு முழுக்க 2005-ல் வந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

அப்பா விற்கலாம் என்று சொன்ன ‘நம்ம பங்கு’ ஐந்தில் ஒன்று. அதையும் அளந்து பிரித்துப் பாகப்பிரிவினை செய்த பிறகுதான் அது எந்தப் பக்கம் என்றே தெரியும். கணவர் குடியேறலாம் என்று சொன்ன ‘நம்ம வீடு’ ஐந்து பேருடையது. கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். ஓடு மாற்ற, கரையான் அரித்த உத்திரத்தை மாற்ற, பாத்ரூம் கட்ட எட்டு லட்சமாவது ஆகும் என்றார். எங்கள் பெயரில் இல்லாத வீட்டில் எட்டு லட்சம் போடலாமா? போட்ட பிறகு மற்றவர்கள் பங்கு கேட்டால் அந்த எட்டு லட்சம் யார் கணக்கில்?

விற்று ஃபிளாட் வாங்கினாலும் சரி, விற்காமல் குடியேறினாலும் சரி, ரெண்டு கனவுக்கும் நடுவில் நின்றது ஒரே பட்டாதான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்பது தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றபோது தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்தவர், பின்னால் இருந்தவர், ரெண்டு பேர் கையிலும் அவரவர் தாத்தா பெயரில்தான் பட்டா இருந்தது.

அப்போ போகவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள், 51.6%, கிராமங்களில்தான் இருந்தார்கள். அது ஏதோ வாழ முடியாத இடம் மாதிரி எழுதினால் அவர்களை அவமானப்படுத்துவது ஆகும். போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள, உண்மையிலேயே விவசாயம் பண்ண, அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடமோ தொழிலோ நடத்தப் போகிறவர்கள் இந்தக் கஷ்டத்தையெல்லாம் தெரிந்தேதான் போகிறார்கள். இஎம்ஐக்குப் பயந்து போகிறவர்கள்தான் ஆறாவது மாசம் திரும்பி வருகிறார்கள்.

ஊருக்கும் சென்னைக்கும் நடுவில் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்று ஊர்கள் இருப்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் போன்ற இடங்களில் மினி டைடல் பார்க் திறந்திருக்கிறார்கள். சொந்த கிராமத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் நகரத்தில் வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமை ஊர். ரீல்ஸுக்கு இது அழகாக இருக்காது. ஆனால் வாழலாம்.

யோசிப்பவர்களுக்கு என் சிபாரிசுகள் இவை.

1. வாங்காதீர்கள், முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் ரெண்டையும் பார்த்துவிடுங்கள்.

2. வேலை உங்களோடு வருமா என்று எழுத்தில் கேளுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று மேனேஜர் சொல்வது பதில் அல்ல.

3. ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீர்கள் என்று ஒரு தடவை நிஜமாகவே போய்ப் பாருங்கள்.

4. பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் ஐந்தும் கையில் வந்த பிறகு, ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பட்டாவும் வில்லங்கமும் ஆன்லைனிலேயே பார்க்கலாம்.

5. வீட்டில் யார் என்ன வேலை செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அங்கே போனால் ஊர் அதை உங்களுக்காக முடிவு செய்துவிடும்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நகரத்தில் வீடு வாங்க முடியாதவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்தால், அதற்குத் தேவை விளம்பரம் அல்ல. மூணாவது பஸ், தெரு வரை வரும் ஃபைபர், ராத்திரியும் டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். இவை வந்தால் ஊரைவிட்டுப் போக நினைக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளில் சிலரும் அங்கேயே இருப்பார்கள். நாம் திரும்பிப் போவதைவிட அது முக்கியம்.

நாங்கள் என்ன முடிவு எடுத்தோம்?

கிளம்புவதற்கு முதல் நாள் அப்பத்தாவிடம் கேட்டேன், “நாங்க இங்க வந்து இருந்தா உனக்குச் சந்தோஷமா?” கொஞ்ச நேரம் யோசித்தார். “வந்தா சந்தோஷந்தேன். ஆனா, அங்க முடியலன்னு இங்க வராதீக. இங்க இருக்கணும்னு வாங்க” என்றார். ஒரு மாசம் நான் மூட்டை மூட்டையாகக் குறிப்பு எடுத்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஃபிளாட்டும் வாங்கவில்லை, ஊருக்கும் போகவில்லை. மேடவாக்கம் வாடகை ஒப்பந்தத்தை இன்னும் 11 மாசத்துக்குப் புதுப்பித்தோம். அப்பத்தா ஆறு மாசம் எங்களோடு இருப்பார், அறுப்பு முடிந்து ஊருக்குப் போவார். பொங்கலுக்கு ரெண்டு அத்தைகளும் வருகிறார்கள். வாரிசுச் சான்றிதழ் போட்டு, பட்டாவை ஐந்து பேர் பெயருக்கும் மாற்ற எழுதிக் கொடுக்கப் போகிறோம். பெரியப்பா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. ஆனால், பட்டா மாற்றத்துக்கு எந்தெந்தக் கையெழுத்து வேண்டும் என்று நேற்று அவரே போன் பண்ணிக் கேட்டார்.